லோஷா ஊர் திரும்பிய கதை

எங்கள் மலையூர் யாஷ்னாவில் பன்றிக்குப் போதை ஏறிய கதையை இன்றைக்குச் சொன்னாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். எங்கள் கோயில் சாமி சான் ஹுவானின் திருவிழாவில் நடு நாள். கோயில் வாசலில் யாழ்க்காரர் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு கறுப்புப் பன்றி நாலு காலையும் நாலு திசையில் வைத்துத் தள்ளாடி வந்தது. மெழுகுவர்த்திக் கூடையில் மூக்கை நுழைத்தது. பிறகு யாழ்க்காரர் காலடியில் சாய்ந்து குறட்டை விட்டது. சிரிப்பவர்கள் கதையை அதோடு நிறுத்திக்கொள்வார்கள். பன்றி யாருடையது, அதற்குச் சாராயம் ஊற்றியது யார், அந்த வீடு பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டால் பேச்சு மழைக்கும் சோளத்துக்கும் மாறிவிடும்.

பன்றி லோஷாவுடையது. ஊற்றியது அவள் புருஷன் ரொமின்.

ரொமின் அந்த வருஷம் சாமிப் பொறுப்பு ஏற்றிருந்தான். சிலைக்குப் புது உடுப்பு மாட்டுவது, கோயில் தரையில் பைன் மரத்து ஊசியிலை பரப்புவது, பூ மாற்றுவது எல்லாம் பொறுப்பாளன் வேலை. இந்த வேலை ஒவ்வொன்றுக்கும் முன்னாலும் பின்னாலும் குடிக்க வேண்டும். ஒரே சின்னக் கிளாஸ் கை மாறிக் கை மாறி வரும். வாங்கியவன் மறுக்கக் கூடாது. மறுத்தால் கொடுத்தவனுக்கு அவமானம், சாமிக்கும் அவமானம். ஆனால் மனுஷனுக்கு ஈரல் என்று ஒன்று இருப்பது எங்கள் ஆட்களுக்கும் தெரியும். அதனால் ஒவ்வொருவர் தோள்பையிலும் ஒரு சீசாவும் ஒரு சின்னப் புனலும் இருக்கும். முடியாதவன் கிளாஸை உதட்டில் தொட்டுவிட்டுப் புனல் வழியாகத் தன் சீசாவில் ஊற்றிக்கொள்ளலாம். மறுநாள் வீட்டில் குடிப்பான், இல்லை விருந்தாளிக்குக் கொடுப்பான். சாராயமும் வீணாகாது, மரியாதையும் கெடாது.

ரொமின் எல்லாக் கிளாஸையும் சீசாவில் ஊற்றினான். பொண்ணு கல்யாணத்துக்கு இப்பவே சேர்க்கிறான் என்று கேலி செய்தார்கள். அவன் வீட்டுக்குப் போய்ப் பன்றித் தொட்டியில் கவிழ்த்தான். மண்ணில் கொட்டியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் விலை கொடுத்து வாங்கியதை மண்ணில் கொட்ட எங்கள் ஊர் ஆளுக்குக் கை வராது. அந்தச் சிக்கனம்தான் அவனைக் காட்டிக்கொடுத்தது.

சிரித்து முடித்ததும் ஊர்த்தலைவர் ஷாலிக்தான் முதலில் முகத்தை இறுக்கினார். மனுஷன் குடிக்காத சாராயத்தைப் பன்றி குடித்திருக்கிறது என்றால் அந்த மனுஷன் யார்? சிகரெட் ஒன்று எரிந்து முடிவதற்குள் விஷயம் வெளியே வந்துவிட்டது. ரொமின் நகரத்தில் கொத்து வேலைக்குப் போன இடத்தில் பாட்டுக்காரர்களோடு சேர்ந்திருக்கிறான். பாட்டுக்காரர்கள் என்றால் புது வேதக்காரர்கள். குடிக்க மாட்டார்கள், சிலை முன் மெழுகுவர்த்தி ஏற்ற மாட்டார்கள், ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடிப் பாடுவார்கள்.

லோஷாவுக்குப் புது வேதத்தில் ஒன்றும் புரியவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அவளுக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு வரி தெரியாது. குடித்துவிட்டு வரும் ரொமின் அவளைத் தறிக்கட்டையால் அடிப்பான். ஒரு தடவை இடது கை மணிக்கட்டு முறிந்து, கோணலாகவே கூடிவிட்டது. பாட்டுக்காரன் ஆன பிறகு அவன் அடிப்பதை நிறுத்தினான். சாயங்காலம் அடுப்பருகில் உட்கார்ந்து மகள் பஷ்குவுக்குச் சோள ரொட்டியைப் பிய்த்து ஊட்டினான். அடி விழாத வீடு எந்தச் சாமி கொடுத்தால் என்ன என்று லோஷா நினைத்தாள். அவளுடைய மதம் அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் ஒரு சட்டம் உண்டு. ஒரே ஊர், ஒரே முழங்கால். எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து முட்டி போட வேண்டும். முன்னோர் வகுத்தது என்பார்கள். எந்த முன்னோர் என்று கேட்கக் கூடாது. எனக்குத் தெரிந்தவரை அந்த முன்னோருக்கு வெள்ளைத் தோலும் வெள்ளை அங்கியும் இருந்தன. ஸ்பெயினிலிருந்து பாதிரி இந்த சியாப்பாஸ் மலைக்கு ஏறி வருவதற்கு முன்னால் குகைக்கு ஒரு சாமி, ஊற்றுக்கு ஒரு சாமி, மின்னலுக்கு ஒரு சாமி இருந்ததாம். பக்கத்து வீட்டுக்காரன் எந்தக் குகையில் போய்க் கும்பிட்டான் என்று எவனும் எட்டிப் பார்த்ததில்லையாம். பாதிரி வந்து, குகைக்குப் போனவனைக் கோயில் வாசலில் கட்டி அடித்தார். அப்புறமும் போனவனை ஊரை விட்டுத் துரத்திக் குடிசையைக் கொளுத்தினார். அவர் கொண்டுவந்த சான் ஹுவானை நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக நம் ஆள் ஆக்கிக்கொண்டோம். நம் பாஷை பேசவைத்தோம், நம் கம்பளி போட்டுவிட்டோம், சாராயமும் பழக்கினோம். பாதிரி செத்தார், ஸ்பெயின் ராஜா போனார், எங்களை மாடுபோல ஏரில் பூட்டிய பண்ணைக்காரர்களும் போனார்கள். சாமியை மாற்றத் தெரிந்த நாங்கள் அந்தச் சவுக்கை மட்டும் மாற்றவில்லை. முன்னோர் கொடுத்தது என்று எண்ணெய் தடவிப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

முதலில் தண்ணீர்க் குழாயிலிருந்து லோஷாவை விலக்கினார்கள். பிறகு அவள் கம்பளியை வாங்குவதை நிறுத்தினார்கள். பிறகு, பாட்டுக்காரர்கள் ஆடு தின்கிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. எங்கள் பெண்களுக்கு ஆடு சொத்து அல்ல, சொந்தம். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, காய்ச்சல் வந்தால் பிரார்த்தனை உண்டு, செத்தால் அடக்கம் உண்டு. மயிரைக் கத்தரித்து நூற்கலாம், கழுத்தை அறுக்க முடியாது. சான் ஹுவான் காலடியில் நிற்பது ஆட்டுக்குட்டி அல்லவா? ஆடும் பாதிரியும் ஒரே கப்பலில் வந்து இறங்கியவர்கள்தான் என்று யாராவது சொன்னால் கன்னத்தில் அறை விழும். லோஷா ஒரு நாளும் ஆட்டுக்கறி தின்றதில்லை. அதை யாரும் அவளிடம் கேட்கவும் இல்லை.

பனி விலகியிராத ஒரு காலையில் பெட்ரோல் டப்பாக்களோடு வந்தார்கள். ரொமினை வெளியே இழுத்துப் போட்டு அடித்தார்கள். கூரையில் ஊற்றும் முன் ஷாலிக் கையைத் தூக்கி நிறுத்தினார். ஆடுகள் பட்டியில் இருந்தன. புகை பட்டால் மிரளும், கருவுற்றிருந்த ஆட்டுக்குக் குட்டி விழுந்துவிடும். லோஷாவின் அக்கா துமினாவைக் கூப்பிட்டு, பட்டியைத் திறந்து ஆடுகளை ஓட்டிப்போகச் சொன்னார்கள். துமினா ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மெதுவாக வெளியே கொண்டுவந்தாள். கடைசி ஆடு வேலி தாண்டும்வரை ஊர் முழுக்கப் பொறுமையாக நின்றது. பிறகு கொளுத்தினார்கள்.

பஷ்குவுக்கு அப்போது நாலு வயது. அன்று காலை அவள் துமினா வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். லோஷாவையும் ரொமினையும் சோளம் ஏற்றும் லாரியில் தூக்கிப் போட்டபோது அவள் மகளைக் கேட்டாள். கத்தவில்லை, கூலி கேட்பதுபோல ஷாலிக்கிடம் கேட்டாள்.

"அவ சான் ஹுவான் முன்னாடி தலையில ஞானஸ்நானத் தண்ணி வாங்கின பொண்ணு," என்றார் ஷாலிக். "நீங்க எங்க வேணா போங்க. சாமியோட பொண்ணு சாமிகிட்டதான் இருப்பா."

"அவ என் பொண்ணு மாமா."

"அப்ப முழங்கால மடக்கிட்டு வந்து கூட்டிட்டுப் போ."

நகரத்தில் அரசாங்க அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்தவர் காஷ்லான், அதாவது எங்களில் ஒருவர் அல்லாத வெள்ளைக்கார வழிவந்தவர். நல்ல மனிதர்போல்தான் பேசினார். மெக்சிகோவில் எல்லாருக்கும் மத சுதந்திரம் உண்டு என்றார். ஆனால் பழங்குடிகளின் வழக்கம் புனிதமானது, அதில் அரசாங்கம் தலையிடாது என்றார். அவருடைய மைத்துனருடைய கடையிலிருந்துதான் யாஷ்னா கோயிலுக்கு மெழுகுவர்த்தியும் சாராயமும் போகிறது. எங்கள் வழக்கம் புனிதமாகவே இருப்பதில் அந்தக் குடும்பத்துக்கு அக்கறை இருந்தது என்றால் தப்பில்லை.

துரத்தப்பட்டவர்களுக்கு நகரத்தின் விளிம்பில் ஒரு குடியிருப்பு இருந்தது. பாஸ்டர் ஒருவர் நடத்தினார். அவர்களுக்குப் பலகை வீடு ஒன்றைக் கொடுத்தார், அவரைப் பயறு வேகவைத்துக் கொடுத்தார், ரொமினின் மண்டைக் காயத்துக்கு மருந்து வைத்தார். அவரைக் குறை சொல்ல லோஷாவுக்கு வாய் வராது. ஆனால் அங்கேயும் ஒரே முழங்கால்தான். அவள் தறியில் தவளையும் பாம்பும் சோளக் கதிரும் நெய்யக் கூடாது. அவை பழைய பேய்களின் அடையாளம். மெழுகுவர்த்திக்காரி பக்கத்தில் சந்தையில் உட்காரக் கூடாது. இறந்தவர்கள் நாளுக்குச் சாப்பாடு படைக்கக் கூடாது. சிலை முன்னால் ஒரு தடவை முட்டி போட்டவருடைய வீடு அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். மகளைக் கூட்டிவர வேண்டும் என்று லோஷா அழுதபோது, ஜெபம் பண்ணு, கதவு திறக்கும் என்றார் பாஸ்டர். அவள் ஜெபம் பண்ணினாள். கதவு திறக்கவில்லை. ரொமின் மண்டைக்குள் ஏதோ கசிந்துகொண்டே இருந்து, ஒரு வருஷம் பேச்சில்லாமல் கிடந்து செத்தான்.

அப்புறம் அவளுக்கு மிச்சம் இருந்தது வாரச் சந்தை. துமினா கம்பளி விற்க மலையிலிருந்து இறங்கி வருவாள். ஊரார் கண்ணில் படாமல் கோழிக் கூண்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து அக்காளும் தங்கையும் பேசுவார்கள். துமினா பஷ்குவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பாள். முன்பல் விழுந்தது, கம்பளி சிக்கெடுக்கக் கற்றுக்கொண்டாள், குட்டி போட்ட ஆட்டோடு பட்டியிலேயே படுத்துக்கொண்டாள். லோஷா ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்பாள். பாட்டுக்காரர் வீட்டுப் பிள்ளையை மலையை விட்டு இறக்கக் கூடாது என்று ஊர் சொல்லியிருந்தது; பிரிவுச் சாலையில் ஆள் நின்றது. வளரட்டும், அப்போது எப்படியாவது கூட்டி வருகிறேன் என்பாள் துமினா.

ஐந்தாம் வருஷம் துமினா ஒரு ரகசியம் சொன்னாள். அவள் புருஷன் குடித்துக் குடித்து ஈரல் வெந்து செத்திருந்தான். பிள்ளை கிடையாது. அவளும் இப்போது பாடுகிறாள், வாயைத் திறக்காமல்.

"கோயில்ல என்ன பண்றே?" என்று லோஷா கேட்டாள்.

"புனல்தான். சீசாவுல வாங்கிட்டு ஓடைக்கரையில கொட்டிடுவேன். பன்னிக்கு ஊத்தல, அந்த அளவுக்குப் புத்தி வந்திருக்கு." துமினா சிரித்தாள். "சீசாவையும் நல்லா கழுவிடுவேன்டி. அந்த நாத்தம் வீட்டுக்குள்ள வந்தா அந்த ஆளே எழுந்து வந்த மாதிரி இருக்கு. பஷ்குவும் மூக்கைப் பொத்திக்கிட்டு, வெளிய வையும்மாங்கறா."

லோஷாவுக்கு அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. அவள் கேட்டது கடைசி வார்த்தையை மட்டும்தான்.

"உன்ன அம்மான்னா கூப்பிடுறா?"

துமினா தலையைக் குனிந்துகொண்டாள். சின்னப் பிள்ளை, வேறு எப்படிக் கூப்பிடும் என்றாள். உன்னைப் பற்றிச் சொன்னால் விளையாடும்போது வெளியே உளறிவிடும், ஊர் அவளையும் ஒதுக்கும், அதனால் சொல்லவில்லை என்றாள். எல்லாமே நியாயம்தான். லோஷா வீட்டுக்கு வந்து அந்த நியாயத்தை இரவும் பகலும் மென்றாள். அக்கா நல்லவள் என்பது தெரிந்திருந்தது. அது தெரிந்ததால்தான் வயிறு இன்னும் எரிந்தது. கெட்டவளாக இருந்தால் பிள்ளையாவது அவளை வெறுத்திருக்கும்.

அந்த வருஷத் திருவிழாவுக்கு லோஷா மலையேறினாள். பலகை வீட்டுக் கதவைச் சாத்தும்போதே அது இனித் தனக்குத் திறக்காது என்று தெரியும்.

கோயில் முற்றத்து வாசலிலிருந்து பீடம்வரை முழங்காலில் போக வேண்டும் என்றார்கள், போனாள். பெரியவர்கள் ஒவ்வொருவர் கையாலும் ஒரு கிளாஸ் வாங்கி, புனல் இல்லாமல், கண் முன்னால் குடிக்க வேண்டும் என்றார்கள், குடித்தாள். செத்த புருஷன் பேரைச் சொல்லிக் காறித் துப்பச் சொன்னார்கள். கொஞ்சம் தயங்கிவிட்டு அதையும் செய்தாள். தரையில் கிடந்த பைன் ஊசியிலைமேல் வாந்தி எடுத்துவிட்டு நிமிர்ந்து, என் பெண்ணைக் கொடுங்கள் என்றாள்.

ஷாலிக் அவசரப்படவில்லை. அவருக்கும் அதற்குள் வயதாகியிருந்தது. ஊர் கைநழுவுகிறது என்ற பயம் வந்திருந்தது.

"குடிச்சுட்டா மட்டும் நம்ம ஆள் ஆயிடுவியா?" என்றார். "ஊருக்குள்ள இன்னும் யாரோ பாடுறாங்க. எனக்கு வாடை அடிக்குது, ஆள்தான் தெரியல. நீ அந்தக் கூட்டத்துல இருந்து வந்தவ, உனக்குத் தெரியும். பேரைச் சொல்லு. வீடும் பொண்ணும் உனக்கு."

லோஷா தெரியாது என்றாள். அவளை மரச் சிறையில் வைத்தார்கள். எங்கள் ஊர்ச் சிறைக்குச் சுவர் மூன்று பக்கம்தான். நாலாவது பக்கம் கட்டைக் கம்பி, சரியாகக் கோயில் முற்றத்தைப் பார்த்தபடி. உள்ளே இருப்பவனை ஊர் பார்க்க வேண்டும், ஊரை அவன் பார்க்க வேண்டும், அதுதான் தண்டனை.

இரண்டு நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. இதை அவளுக்காகச் சொல்லியாக வேண்டும். பசித்தபோது திறக்கவில்லை, பிள்ளைகள் சோளத் தட்டையால் குத்தியபோது திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, துமினா முற்றத்தைக் கடந்து வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்பது வயசுப் பெண் ஒன்று வந்தது. கறுப்புக் கம்பளிப் பாவாடை, எண்ணெய் வைத்த இரட்டைச் சடை. ரொமினுடைய நெற்றி.

பெண் கம்பிக்கு அருகில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தது. "அது யாரும்மா?"

ஷாலிக்கின் ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். துமினா லோஷாவின் கண்ணைப் பார்த்தாள், பெண்ணின் கையை இறுக்கினாள்.

"யாரோ. ஆடு தின்னி. வா."

துமினா வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? லோஷாவுக்கு இன்றைக்கு அது தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை. அவர்கள் கோயிலுக்குள் போவதற்கு முன்னால் லோஷா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஷாலிக்கைக் கூப்பிட்டாள்.

"குடிக்கிறவங்க யாராவது சீசாவைக் கழுவுவாங்களா மாமா?" என்றாள். "எங்க அக்கா சீசாவ மோந்து பாருங்க."

துமினாவின் தோள்பையிலிருந்து சீசாவை எடுத்து மூக்கில் வைத்தார் ஷாலிக். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அது பெஞ்ச் முழுக்க ஒரு சுற்று வந்தது, திருவிழாக் கிளாஸ் வருவதுபோலவே. ஓடைத் தண்ணீர் வாசனைதான் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். துமினா மறுக்கவில்லை. ஷாலிக்குக்கு அவள் தூரத்து உறவு. முட்டி போட்டு இரண்டு கிளாஸ் குடித்துவிட்டால் மறந்துவிடலாம் என்று அவராகவே இறங்கிவந்தார்.

"எனக்கும் சேர்த்து என் புருஷன் குடிச்சிட்டான் மாமா," என்றாள் துமினா. "எனக்கு மிச்சம் வைக்கல."

அவள் வீட்டைக் கொளுத்தவில்லை. அது லோஷாவுக்கு என்று பேசியாயிற்று. உடுத்திய துணியோடு லாரியில் ஏறச் சொன்னார்கள். ஏறும் முன் துமினா தங்கைக்கு அருகில் வந்தாள். ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது, அறைவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"அவளுக்குக் குளிர் நாள்ல காது வலிக்கும். வெந்நியில துணிய நனைச்சு ஒத்தடம் குடு. அழ மாட்டா, நீயாத்தான் பாத்துக்கணும்."

பஷ்குவைத் துமினாவின் இடுப்பிலிருந்து பிரித்தெடுக்க இரண்டு ஆண்கள் தேவைப்பட்டார்கள். பிரித்து லோஷாவின் கையில் கொடுத்தார்கள். ஐந்து வருஷமாக இந்தக் கனத்தைக் கையில் வாங்குவதைத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது கனம் கையில் இருந்தது, திமிறிக்கொண்டு.

"நான்தான்டா உன் அம்மா," என்றாள். "நான்தான் உன்னப் பெத்தேன்."

"பொய். நீ ஆடு தின்னி. எங்கம்மாவப் புடிச்சுக் குடுத்தவ."

லாரி கிளம்பியது. பஷ்கு லோஷாவின் கோணல் மணிக்கட்டைக் கடித்தாள், ரத்தம் வரும்வரை விடவில்லை. பிடி தளர்ந்ததும் குதித்து ஓடினாள். மேட்டுச் சேற்றில் லாரி சிணுங்கிக்கொண்டு மெதுவாகத்தான் ஏறியது. துமினா பின்பலகைமேல் குப்புறப் படுத்து இரண்டு கையையும் நீட்டியிருந்தாள். ஆட்கள் ஷாலிக்கின் முகத்தைப் பார்த்தார்கள், பிடிக்கவா என்று. தலையில் தண்ணீர் வாங்கிய சாமியின் பெண் அது. அன்றைக்கு அப்படித்தான் சொன்னார்கள்.

"விடுங்கடா," என்றார் ஷாலிக். "அந்தப் பக்கம் ஓடுற முழங்கால் இங்க மடங்காது."

அவ்வளவுதான் சாமியின் பெண்.

லோஷாவுக்குச் சொன்ன வாக்கை ஊர் காப்பாற்றியது. வீடு கிடைத்தது, தண்ணீர்க் குழாய் கிடைத்தது, ஆடுகள் கிடைத்தன. கிழடாகிப்போன இரண்டு ஆடுகள் அவள் குரல் கேட்டதும் தலையைத் தூக்கி ஓடிவந்தன. அன்று சாயங்காலமே பெண்கள் சோளக் கஞ்சியோடு வந்து, நம்ம வீட்டுப் பொண்ணு திரும்பிட்டா என்று கன்னத்தைத் தடவினார்கள். அந்த வீட்டில் சின்னப் பாவாடை ஒன்று கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்து மடிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு தடவை நகரத்துக் குடியிருப்புக்குப் போனாள். அவள் இருந்த பலகை வீட்டைத் துமினாவுக்கும் பஷ்குவுக்கும் கொடுத்திருந்தார்கள், அதுவரை தெரிந்துகொண்டாள். வாசலில் அவளை நிறுத்திவிட்டார்கள். சிலை முன் விழுந்தவள், சாராயம் குடித்தவள், கூடப்பிறந்தவளைக் காட்டிக்கொடுத்தவள்; உள்ளே விட்டால் மற்றவர்களுக்குத் தீட்டு என்று சொல்லவில்லை, அதே பொருள் வரும்படி வேறு வார்த்தை சொன்னார்கள். அடுத்த தடவை வந்தபோது கல் விழுந்தது. அதன்பிறகு துமினா சந்தைக்கும் வருவதில்லை.

இப்போது லோஷாவுக்குத் தலை நரைத்துவிட்டது. ஷாலிக் செத்துவிட்டார், புதுத் தலைவர்கள் வந்துவிட்டார்கள், பாட்டுக்காரர்கள் பெருகிக்கொண்டே இருக்கிறார்கள். திருவிழா வந்தால் பெரியவர்களுக்கு அருகில் லோஷாவுக்கு ஒரு முக்காலி போடுகிறார்கள். சந்தேகம் வந்த சீசாக்களை அவளிடம்தான் நீட்டுகிறார்கள். பாடுகிறவர்களும் விவரம் தெரிந்தவர்கள்தான், இப்போதெல்லாம் கழுவுவதில்லை. ஆனால் குடித்துக் காலியான சீசாவின் நாற்றம் வேறு, கொட்டிக் காலியான சீசாவின் நாற்றம் வேறு என்று அவள் மூக்குக்குத் தெரியும். இவள் கையால் இதுவரை எத்தனை குடும்பம் லாரி ஏறியது என்று ஊர் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. இளசுகள் அவளைப் பார்த்தால் பாதை மாறிப் போகிறார்கள். கல்நெஞ்சுக்காரி என்கிறார்கள், பழைய வழக்கத்தில் இவளுக்கு இவ்வளவு பிடிப்பா என்று வியக்கிறார்கள்.

வழக்கமாவது மண்ணாவது. லாரி ஏறுகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். நேராக அந்தக் குடியிருப்புக்குத்தான். அவளால் நுழைய முடியாத அந்த வாசலில் அவர்கள் நுழைவார்கள். அதனால் ஒவ்வொரு தடவையும் லாரி கிளம்பும் முன் அவள் தடியை ஊன்றிக்கொண்டு பின்பலகைக்கு அருகில் வருகிறாள். மேலே அழுதுகொண்டிருக்கும் பெண்ணின் பாவாடை ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறாள்.

"அங்க பஷ்குன்னு ஒருத்தி இருப்பா, துமினா வீட்டுல," என்கிறாள். "ரொமின் மாதிரி அகல நெத்தி. அவகிட்ட சொல்லும்மா, அம்மா நல்லாத்தான் இருக்கா, ஒரு தடவை மலைக்கு வந்துட்டுப் போகச் சொன்னான்னு சொல்லு. மறந்துடாதே."

சிலர் அவள் முகத்தில் துப்புகிறார்கள். சிலர் சொல்கிறேன் என்கிறார்கள். துரத்தப்பட்டவர்கள் யாரும் திரும்பி வருவதில்லை, ஆகவே பதிலும் வருவதில்லை. லோஷா முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். அடுத்தது யார் வீடு என்று யோசிக்கத் தொடங்குகிறாள்.